லேப் இல்லைன்னு சொல்றது பாதி உண்மைதான்

ஜீரோத் ரிவ்யூ வந்தாச்சு. இந்த வருஷமும் எத்தனை டீம் ஃபேஸ் ரெகக்னிஷன் அட்டெண்டன்ஸ் சிஸ்டம் செய்யப் போகுதுன்னு எண்ணிப் பாருங்க. சீனியர் எழுதின கோடு, முதல் பக்கத்தில் நம்ம பேர். மினி ப்ராஜெக்ட்டுக்கு எங்க டீமும் அதைத்தான் செஞ்சது. விவாவில் இரண்டாவது கேள்விக்கே முழிச்சோம். கேட்டால் சி.எஸ்.இ. பசங்க "நல்ல டேட்டா இல்ல" என்பார்கள், பயோடெக் பசங்க "லேப் வசதி இல்ல" என்பார்கள்.

இதை நான் பாதிதான் ஒத்துக்குவேன். காரணம், இரண்டு பாக்டீரியா.

வைக்கோலிலும் கரும்புச் சக்கையிலும் அதிகம் இருப்பது செல்லுலோஸ். வெறும் குளுக்கோஸ் சங்கிலிதான், ஆனால் இழைகள் இறுக்கமாக ஒட்டியிருப்பதால் லேசில் உடையாது. கிளாஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லம் என்ற பாக்டீரியா 60 டிகிரி சூட்டில், ஆக்சிஜனே இல்லாமல் அதை உடைக்கிறது. எப்படின்னு 1980களில் எட் பேயரும் ரஃபேல் லமேடும் கண்டுபிடிச்சாங்க. நம்ம ஹாஸ்டல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாதிரி ஒரு நீளமான புரதம். அதில் 9 சாக்கெட். ஒவ்வொன்றிலும் ஒரு என்சைம் வந்து செருகிக்கொள்ளும். அந்த என்சைமில் இருக்கும் பிளக்குக்குப் பெயர் டாக்கெரின்.

இதன் ஜீனோம் சுமார் 38 லட்சம் எழுத்து. அதாவது 4 எம்.பி.க்கும் குறைவான டெக்ஸ்ட் ஃபைல். என்.சி.பி.ஐ. தளத்தில் இலவசம். புரத வரிசைகளை எடுத்து டாக்கெரினைத் தேடினால் 70-க்கும் மேல் கிடைக்கும். சாதாரண ஸ்ட்ரிங் சர்ச் போதாது, ஏன்னா எழுத்துகள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். ஹிட்டன் மார்கோவ் மாடல் வேணும். நாம பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்த அதே மாடல்!

அடுத்தது கால்டிசெல்லுலோசிரப்டர் பெஸ்சி. ரஷ்யாவின் கம்சட்கா வெந்நீர் ஊற்றில் கிடைத்தது, 75 டிகிரியிலும் நன்றாக வளரும். இதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸே கிடையாது. அதற்குப் பதில் செல்-ஏ என்று ஒரு பெரிய என்சைம், ஒரே புரதத்தில் இரண்டு கத்தரி. செல்லுலோஸின் மேற்பரப்பை அரிப்பதோடு நிற்காமல் குழியும் தோண்டுகிறது என்று 2013-ல் காட்டினார்கள். ஒரே வேலைக்கு இரண்டு டிசைன், இரண்டையும் லேப்டாப்பிலேயே ஒப்பிடலாம்.

2014-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் வெஸ்ட்ஃபெலிங் குழு என்ன செஞ்சது தெரியுமா? பெஸ்சியில் லாக்டிக் அமிலம் பக்கம் போகும் ஜீனை நீக்கி, தெர்மோசெல்லத்தின் ஒரு ஜீனைச் சேர்த்தது. அமிலமோ வேறு முன்தயாரிப்போ இல்லாமல், புல்லிலிருந்து நேராக எத்தனால் வந்தது.

அப்போ லேப் வேண்டாமா? வேணும். தெர்மோசெல்லத்திடம் சைலானை வெட்டும் என்சைம்கள் இருக்கு, ஆனால் அதில் கிடைக்கும் சைலோஸ் சர்க்கரையில் அது வளராது. என்சைம் பட்டியலை மட்டும் பார்த்து வளரும்னு சொல்லியிருந்தால் மாட்டியிருப்போம். கம்ப்யூட்டர் சொல்வது யூகம், வளர்த்துப் பார்ப்பதுதான் நிரூபணம். கல்லூரிகள் அந்த வசதியைத் தரத்தான் வேண்டும், அதைக் கேட்பதும் நம்ம உரிமை. ஆனால் நல்ல யூகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் கேள்விக்கு மதிப்பு.

இந்த சனி, ஞாயிறு அந்த ஃபைலை இறக்கி, நீங்களே டாக்கெரினை எண்ணிப் பாருங்க. தேடும்போது அசெட்டிவிப்ரியோ தெர்மோசெல்லஸ் என்ற புதுப் பெயரையும் போடுங்க. உங்க எண்ணிக்கை மற்றவர்கள் சொன்னதோடு ஒத்துப்போகலையா? ஏன்னு தேடுங்க. விவாவில் அதைப் பற்றி என்ன கேட்டாலும் பதில் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.