52 வருஷம் எங்கய்யா போயிருந்தீங்க?

2025 ஜனவரியில் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. முரளிகாந்த் பேட்கருக்கு அர்ஜுனா விருது. வயசு 80. எங்கள் ஊர் ராயகிரி டீக்கடையில் எல்லாரும் நல்ல விஷயம் என்றார்கள். எனக்கு மட்டும் வயிறு எரிந்தது.

அந்த மனுஷன் தங்கம் வாங்கியது 1972-ல். ஜெர்மனியில் ஹைடல்பர்க் என்ற ஊரில் நடந்த பாராலிம்பிக்கில், 50 மீட்டர் நீச்சலை 37.33 விநாடியில் முடித்து உலக சாதனையும் செய்தார். 1965 போரில் உடம்பெல்லாம் குண்டு வாங்கி, இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோன ராணுவ வீரர். அதற்கு முன்னால் அவர் குத்துச்சண்டைக்காரர். கால் போன பிறகு, சிகிச்சைக்கென்று தண்ணீரில் இறங்கிய இடத்தில்தான் நீச்சல் அவருக்கு வாய்த்தது. இரண்டு கையை மட்டும் நம்பி உலகத்தையே ஜெயித்துவிட்டு வந்தவர் அர்ஜுனா விருது கேட்டார். 1982-ல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

2008-ல் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினார். நாடே கொண்டாடியது, நானும் கைதட்டினேன். ஆனால் அதற்கு 36 வருஷம் முன்னாலேயே ஒருவர் தனியாளாக இந்தியாவுக்குத் தங்கம் கொண்டுவந்தாரே, அவர் பெயரை எந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்?

சொல்லிக் கொடுத்திருந்தால் என் காலை நினைத்து நான் அழுதிருக்க மாட்டேன்.

எனக்கு இரண்டு வயசில் போலியோ. இடது கால் சூம்பிப்போனது. தெருவில் தவழ்ந்த என்னை எங்க தாத்தாதான் முதுகில் சுரைக்குடுக்கை கட்டித் தோட்டத்துக் கிணற்றில் இறக்கிவிட்டார். தரையில் என்னை நொண்டி என்று கூப்பிட்ட பயல்கள் ஒருத்தனும் அந்தக் கிணற்றில் என்னைப் பிடித்ததில்லை. மேற்கே மலையில் மழை பெய்து கிணறு நிரம்பிவிட்டால் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கேதான். தண்ணீருக்குள் இருக்கும்போது எனக்குக் கால் ஞாபகமே வராது.

பிறகு மாற்றுத்திறனாளிகள் போட்டி ஒன்றுக்குக் கைக்காசு போட்டுப் போனேன். ராத்திரி ரயிலடியில் படுத்தேன். 50 மீட்டரில் முதலிடம். அந்தச் சான்றிதழோடு வேலைக்கு எழுதிப் போட்டபோது, மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதைப் படிக்கக்கூட இல்லை. “இது ஊனமுற்றவங்க போட்டிதானே, இதையெல்லாம் விளையாட்டுக் கணக்கில எடுக்க முடியாதுப்பா.” பயிற்சிக்கு நீச்சல்குளம் தேடிப் போனால் வாசலிலேயே நிறுத்தினார்கள். “ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது?” நாற்பதடிக் கிணற்றில் வளர்ந்தவனைப் பார்த்து, இடுப்பளவுத் தண்ணீர்க்காரர்கள் கேட்ட கேள்வி அது.

அதெல்லாம் அந்தக் காலம், 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே வந்துவிட்டதே என்பீர்கள். அதற்கு அடுத்த வருஷம் பெர்லினில் என்ன நடந்தது? நாக்பூரைச் சேர்ந்த காஞ்சனமாலா பாண்டே, பிறவியிலேயே பார்வை இல்லாதவர், நாட்டுக்காக நீந்தப் போனார். ஒதுக்கிய பணம் கைக்கு வந்து சேரவில்லை. கடன் வாங்கிச் செலவு செய்து, அந்நிய ஊரில் கை நீட்டும் நிலைக்கு வந்தார். அப்படியும் வெள்ளி வாங்கினார். அந்தப் பதக்கத்தைப் பார்த்து எந்த முகத்தோடு பெருமைப்படச் சொல்கிறீர்கள்?

எங்கள் குற்றாலநாதர் பெயரைச் சுமந்த குற்றாலீசுவரன், 1994-ல் சின்னப் பையனாக ஆங்கிலக் கால்வாயை நீந்தித் தாண்டியவர். கையும் காலும் நன்றாக இருந்த அவரே பண உதவி இல்லாமல் நீச்சலை விட்டு ஒதுங்கினார். எங்களைப் போன்றவர்கள் எங்கே நிற்பது?

பேட்கர் ஐயா உயிரோடு இருந்து விருது வாங்கிவிட்டார். அது அவர் ஆயுசு கெட்டி. விருது கொடுத்தவர்களுக்கு அதில் என்ன பெருமை இருக்கிறது? காத்திருந்தே போய்ச் சேர்ந்தவர்களுக்கு எந்த மேடையில் மாலை போடுவீர்கள்?

எங்கள் தெருவில் ஒரு கால் இல்லாத பையன் ஒருத்தன் இருக்கிறான். போன மாதம் அவனுக்குச் சுரைக்குடுக்கை கட்டினேன். நேற்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கிணற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நாலு தரம் போய் வந்தான். படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க, “மாமா, அடுத்து எங்க போயி நீந்தணும்?” என்று கேட்டான்.

துண்டால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தேன்.