ஏழு வருஷம் அடுப்பு எப்படி எரியும்?

"ஆளைக் காணோமா? ஸ்டேஷனில் எழுதிக் கொடு. தேடுவது போலீஸ் வேலை. வீட்டுக்காரர்களுக்கு எதற்கு அரசாங்கப் பணம்? எங்கேயாவது ஓடிப்போயிருப்பான், வருவான்."

விருதுநகர்ப் பக்கம் படித்தவர்களும் கூசாமல் இப்படிப் பேசுகிறார்கள். இது தப்பு மட்டுமல்ல, கொடுமை. காணாமல் போனவர் எல்லாரும் ஓடிப்போனவர் அல்ல.

பட்டாசு ஆலை வெடித்தால் மருந்து அறையில் இருந்தவர் முகம் மிஞ்சாது. பிணவறை வாசலில் மெட்டியையும் கொலுசையும் காட்டி, "இது உங்க வீட்டு ஆளா பாருங்க" என்பார்கள். அதுவும் இல்லையென்றால் டிஎன்ஏ சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்குத்தகைக்கு விட்ட ஆலை என்றால், அன்று வேலைக்கு வந்தார் என்பதற்கே சாட்சி தேட வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஓம்சக்தி ஆலை வெடித்தபோது, உதவ ஓடிவந்த ஊர்க்காரர்களும் செத்தார்கள். எந்தப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கும்?

தகவலே இல்லாதவரை 7 ஆண்டு கழித்தே இறந்தவராகக் கருத நம் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. அதுவரை அவர் மனைவிக்கு விதவை ஓய்வூதியம் கிடையாது, வாரிசுச் சான்று கிடையாது. குழுக்கடன் தவணை மட்டும் வாசலுக்கு வந்துவிடும். விபத்தில் இறந்த பட்டாசுத் தொழிலாளர் பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் முதல்வர் ஸ்டாலின் விருதுநகரில் அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் அப்பா இறந்ததாக இன்னும் சான்று வராத பிள்ளை எந்தக் கணக்கில் சேரும்?

சட்டம் அப்படி, என்ன செய்வது என்பார்கள். 2017 ஒக்கிப் புயலில் காணாமல் போன குமரி மீனவர்களுக்காக அந்த 7 ஆண்டுக் கெடு தளர்த்தப்பட்டது; குடும்பத்துக்கு 20 லட்சமும் தரப்பட்டது. இலங்கையில் 2016-இலேயே, இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் சான்றளிக்கச் சட்டத் திருத்தம் வந்தது. மனம் இருந்தால் வழி உண்டு.

ஓடிப்போனவர் திரும்பி வந்துவிட்டால்? வரட்டும். அதுவரை பிள்ளைகள் சாப்பிட்டதும் படித்ததும் வீண்செலவா?

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். பட்டாசுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வாங்குகிறது அரசு. புகார் பதிவான மாதத்திலிருந்தே உதவித்தொகை, பள்ளிக் கட்டணம், இலவச வக்கீல், மனம் உடைந்தவர்களுக்கு ஆற்றுப்படுத்துநர், ஆபீஸ் ஆபீஸாகக் கூட வர ஓர் ஊழியர்: இத்தனைக்கும் கலெக்டர் கையில் தனி நிதி வேண்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இதைக் கேளுங்கள்.