எலும்பு கூடியது, மனிதர் மீண்டாரா?

“எலும்பு கூடிவிட்டது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், டாக்டர்? பிறகும் ஏன் இவர் வேலைக்குப் போக மறுக்கிறார்?” புறநோயாளர் பிரிவில் ஓர் அம்மையார் என்னிடம் இவ்வாறு கேட்டார். அருகில் அவருடைய கணவர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். ஜவுளிக்கடையில் நாள் முழுதும் நின்று விற்பனை செய்பவர். சாலையைக் கடக்கையில் கார் மோதி ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. முழங்காலுக்குக் கீழே முறிந்த எலும்பு ஒழுங்காகக் கூடியிருந்தது. தலையின் சி.டி. ஸ்கேனில் குறை ஏதும் இல்லை. அவருடைய கோப்பில் ‘நலம்’ என்று எழுதியவனும் நானே.

அவரிடம் தனியே பேசியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஒரு மணி நேரம் நின்றால் முழங்கால் வீங்குகிறது. கடையின் விளக்கொளியும் இரைச்சலும் தலைவலியைக் கிளப்புகின்றன. மூன்றாவது சேலையின் விலையைச் சொல்வதற்குள் முதற்சேலையின் விலை மறந்துபோகிறது. சாலையோரம் நின்றாலே உடல் வியர்க்கிறது. இவற்றை அவர் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் சாக்குச் சொல்வதாக எண்ணுவார்களோ என்ற அச்சமே காரணம்.

வாகனம் மோதிய பாதசாரி வீடு திரும்புவது சிகிச்சையின் முடிவு அன்று. மருத்துவமனையும் குடும்பமும் அவரைக் குறைந்தது ஓராண்டேனும் தொடர்ந்து கவனித்துவர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 32,825 பாதசாரிகள் உயிரிழந்ததாக மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. உலகெங்கும் ஆண்டுதோறும் 2 கோடி முதல் 5 கோடிப் பேர் வரை சாலை விபத்துகளில் காயமுற்று உயிர்பிழைக்கின்றனர் என்றும், அவர்களுள் பலர் ஊனத்துக்கு ஆளாகின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் துணைநிற்கிறது. உயிர் காக்கும் அரிய முயற்சி அது. ஆயினும் அந்த 48 மணி நேரத்துக்குப் பின் வரும் மாதங்களைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

காருக்குள் இருப்பவரைச் சுற்றி இரும்புக் கூடு உண்டு. நடந்து செல்பவருக்கு எதுவும் இல்லை. பம்பர் காலைத் தாக்குகிறது. உடல் பானட்டின் மீது சாய்கிறது. தலை கண்ணாடியிலோ தரையிலோ மோதுகிறது. நொடிப்பொழுதில் பல காயங்கள் நேர்கின்றன. பெரிய காயத்தின் மீதே எல்லோருடைய கவனமும் செல்வதால் சிறியவை மறைந்துவிடுகின்றன. முறிவு மூட்டின் பரப்பைத் தொட்டிருந்தால் ஆண்டுகள் கழித்தும் மூட்டுத்தேய்வு வரலாம். மூளை அதிர்ந்ததன் விளைவான மறதி, எரிச்சல், தூக்கக் குறைவு ஆகியவை ஸ்கேனில் தெரிவதில்லை. பலருக்கு இவை சில வாரங்களில் தணிந்துவிடுகின்றன. சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கின்றன. தலைக்காயம் கடுமையாக இருந்தால் பல மாதங்களுக்குப் பின்னும் வலிப்பு தோன்றக்கூடும்.

முதியோர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோருக்கும் இது பொருந்தும். இலேசாகத் தலை அடிபட்டிருந்தாலும் சில வாரங்களில் மூளையைச் சுற்றி மெல்ல இரத்தம் சேரக்கூடும். தலைவலி கூடினாலோ, அயர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, பேச்சு குழம்பினாலோ, ஒருபக்கக் கைகால் தளர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

“எப்போதும் நோயாளியாகவே நடத்தினால் சோம்பல் வந்துவிடாதா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். படுத்தே இருப்பது மருந்தாகாது. இயன்முறை சிகிச்சையும் படிப்படியாக வேலைக்குத் திரும்புவதும் மிகவும் தேவை. ஆனால் வலியை நம்பாத வீட்டில் பயிற்சி நடப்பதில்லை. முதலில் நம்புங்கள், பிறகு சிறிது சிறிதாக நடக்கவையுங்கள். சாலையைக் கண்ட அச்சம் விலகாவிடில் மனநல ஆலோசனை பெறுவதில் வெட்கம் வேண்டாம்.

குடும்பத்தார் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். வலி, உறக்கம், மறதி, கோபம் ஆகிய நான்கையும் வாரம் ஒருமுறை குறித்துவைத்து, அடுத்த பரிசோதனைக்கு வரும்போது காட்டுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் தகவல் அறிக்கையின் நகல், மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் காலவரம்பை வகுத்துள்ளது. ஆதலால் முழுதும் குணமாகட்டும் என்று காத்திராமல், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை விரைவில் அணுகுங்கள்.

எங்களுக்கும் கடமை உண்டு. மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில் இத்தகையோரை நாங்களே அழைத்து நலம் விசாரிக்க வேண்டும். எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதோடு எங்கள் வேலை முடிந்துவிடுவதில்லை.

அந்த ஜவுளிக்கடைக்காரர் இப்போது அரை நாள் வேலைக்குச் செல்கிறார். உட்கார்ந்து பில் சரிபார்க்கும் பணி. சாலையைக் கடக்கும்போது அவருடைய மனைவி கையைப் பிடித்துக்கொள்கிறார். இன்னமும் முழுதாகக் குணமாகவில்லை. அவருடைய கோப்பில் ‘நலம்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘தேறி வருகிறார்’ என்று எழுதியிருக்கிறேன்.