பிள்ளை தெரிவு செய்யுமுன் பாடசாலை தெரிவு செய்துவிடுகிறது

கற்பிட்டிப் பக்கம் ஒரு வீட்டில், சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியான பின்னர் ஒரு தாயுடன் பேசிக்கொண்டிருந்தேன். 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டபோது அவர் சிறுமி. மகளுக்கு நல்ல பெறுபேறு. உயிரியல் பிடிக்கும், எழுதப் பிடிக்கும், படமும் வரைவாள். “எதைப் படிக்கிறதெண்டு இவளுக்கே தெரியேல்ல தம்பி” என்றார் தாய்.

உண்மையில் மகளுக்குத் தெரிந்திருந்தது. அவளுடைய பாடசாலையில்தான் கலையும் வர்த்தகமும் தவிர வேறு பிரிவு இல்லை.

புலம்பெயர்ந்த நம் உறவினரின் பிள்ளைகள் அமெரிக்கக் கல்லூரிகளில் ஓரிரு வருடம் பலதையும் படித்துப் பார்த்த பிறகே பிரதான பாடத்தையும் துணைப் பாடத்தையும் முடிவு செய்கிறார்கள். இங்கே அந்த முடிவு பதினாறு வயதில் எடுக்கப்படுகிறது. உயர்தரத்தில் மூன்றே பாடங்கள். கலைப் பிரிவில் எழுதியவர் பின்னர் விஞ்ஞானப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. 1ஏபி தரப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டும். இரண்டாம் வகைப் பாடசாலை 11ஆம் தரத்துடன் முடிந்துவிடும். ஆகவே பிள்ளையின் விருப்பத்துக்கு முன்னால் பாடசாலையின் வகை நிற்கிறது.

“புத்தளத்துக்குத்தான் கோட்டா இருக்கிறதே” என்று சிலர் கேட்கலாம். தரப்படுத்தலின் காயம் நமக்கு மறக்கவில்லை. அன்றைய மொழிவாரி முறை போனாலும் மாவட்ட ஒதுக்கீடு தொடர்கிறது: அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் புத்தளமும் இருக்கிறது. ஆனால் கோட்டா கணக்கிடப்படுவது முழு மாவட்டத்துக்கும். ஆய்வுகூடமும் பௌதிகவியல் ஆசிரியரும் உள்ள பாடசாலையின் பிள்ளைக்கே அது பயன்படும். இரசாயனவியலையே எழுத வாய்ப்பில்லாத தமிழ்மொழிமூலப் பிள்ளைக்குக் குறைந்த வெட்டுப்புள்ளியால் என்ன பயன்?

பல விருப்பங்கள் இருப்பதைக் குழப்பம் என்று பார்ப்பதும் தவறு. இந்தக் கரையைப் பாருங்கள். நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்னிலையம். களப்பைச் சுற்றி இறால் பண்ணைகள், உப்பளங்கள். கொழும்புக் குப்பையை அருவக்காட்டில் கொட்டும் திட்டத்துக்கு எதிராக 2018இல் புத்தளத்தில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். அப்படியொரு திட்டத்தின் சுற்றாடல் அறிக்கையை வாசித்து, அதிலுள்ள விஞ்ஞானத்தை விளங்கி, மீனவக் குடும்பத்துக்குத் தமிழில் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? ஊடகக் கற்கை படித்த எனக்கே நீரின் தரம் பற்றிய அட்டவணையைப் பார்த்தால் இன்னொருவரின் உதவி வேண்டும். உயிரியலும் எழுத்தும் சேர்ந்த ஒரு பிள்ளை இந்தக் கரைக்கு ஆடம்பரமல்ல, தேவை.

அதற்கு ஒரு வழி ஏற்கெனவே உண்டு. 2013இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவில், உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியலுடனும் தொழில்நுட்பத்துக்கான விஞ்ஞானத்துடனும் மூன்றாவது பாடமாகத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும், புவியியல், சித்திரம் போன்றவற்றில் ஒன்றை எடுக்கலாம். அந்தப் பெண்ணுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. இதுவும் தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில் மட்டுமே நடக்கிறது.

எல்லாப் பாடசாலையிலும் எல்லாப் பிரிவும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கற்பிட்டி, முந்தல், உடப்பு போன்ற ஒவ்வொரு பகுதியிலும் பிள்ளைகள் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில், ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையிலாவது விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் நிரந்தர ஆசிரியர்களுடன் இயங்க வேண்டும். பெற்றோரும் பெறுபேறு வரும்வரை காத்திராமல், பிள்ளை பத்தாம் தரத்தில் இருக்கும்போதே வலயக் கல்விப் பணிமனையில் இதைக் கேட்க வேண்டும்.

நான் புறப்படும்போது அந்த மகள் தன் கொப்பியைக் காட்டினாள். களப்பின் கண்டல் மரமொன்று, வேர் வேராக வரைந்து, பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தாள். அடுத்த வாரம் கலைப் பிரிவில் சேரப் போவதாகச் சொன்னாள்.