போசாக்கு வகுப்பு அடுப்படியில் நடக்கட்டும்

போசாக்கு வகுப்பு என்றதும் சுவரிலே ஒரு படம் தொங்கும். அதில் அப்பிள், முட்டை, பால், இறைச்சி. கூலிவேலைக்குப் போய்வரும் தாய் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குப் பாணும் சம்பலும் கொடுக்கிறாள். படத்தில் உள்ளதை வாங்க அவளிடம் காசில்லை. வேலியில் நிற்கும் முருங்கையோ படத்தில் இல்லை.

இடம்பெயர்ந்த நாம் இழந்தவை காணியும் மாடும் மட்டுமல்ல. தாயோடு தோட்டத்துக்குப் போய்க் கீரை ஆய்ந்துதான் பிள்ளை சமையல் பழகும். முகாமில் தோட்டம் ஏது? நிவாரணமாகக் கிடைத்த அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்பவற்றை வைத்தே ஒரு தலைமுறை அடுப்பு மூட்டியது. செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் 2012 இல் மூடப்பட்டது. அங்கே சிறுவராய் இருந்தவர்கள் இன்று தாய் தகப்பன்மார். குரக்கன் மாவைப் பிட்டுக்குக் குழைக்கத் தெரியாவிட்டால் அது அவர்கள் குற்றமா?

ஆகவே இளையோருக்குச் சமையல் பழக்க முன்வரும் சங்கங்கள் முதலில் ஊரிலுள்ள ஆச்சிமாரை அழைக்க வேண்டும். குடும்பநல மாது பக்கத்திலிருந்து காரணம் சொல்லட்டும். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. தீட்டிய பச்சையரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. கீரையை அரியமுன் கழுவ வேண்டும். முருங்கையிலை வறையை இறக்கியபின் தேசிப்புளி விட்டால் இரும்புச்சத்து உடம்பில் கூடச் சேரும். சோற்றோடு தேநீர் குடித்தால் குறையும். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவு விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ 95 வீதம் ஏறியிருந்தது. அப்படியான காலத்தில் சோற்றோடு கௌப்பியோ பயறோ சேர்த்து ஆக்கத் தெரிந்த வீடு ஓரளவாவது தாக்குப்பிடிக்கும். இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாதவர்கள் பழைய உரப்பையில் மண் நிரப்பிப் பசளி நடலாம்.

பொடியன்களையும் கூப்பிடுங்கள். கொழும்பில் அறையெடுத்துக் கட்டடவேலை செய்பவன் கடைச்சாப்பாட்டுக்கே உழைப்பைக் கொட்டுகிறான். ஆண்பிள்ளைக்கு அடுப்படி என்னத்துக்கு என்று கேட்கும் தகப்பன்மார், திருவிழா அன்னதானத்துக்குக் கிடாரத்தில் சமைப்பவர் யாரென்று யோசிக்கட்டும்.

இன்னொன்று. காலை பத்து மணிக்கு வகுப்பு வைத்தால் கூலிக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். மாலையில், விறகடுப்பில், ஊர்ச் சந்தையில் கிடைக்கும் சாமானைக்கொண்டு சமையுங்கள். சமைத்ததை வந்தவர்கள் இராச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.