சாம்பல் நீட்டிய விடுமுறை

பெட்டி கட்டியாயிற்று. ஹோட்டல் கணக்கையும் தீர்த்தாயிற்று. பாரிஸ் விமான நிலையம் போய்ச் சேர்ந்தால், விமானம் ரத்து. 2010 ஏப்ரல் மூன்றாம் வாரத்தில், ஐரோப்பாவுக்கு உல்லாசப் பயணம் போன எத்தனையோ தம்பதிகளின் கதி இதுதான்.

ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை கக்கிய சாம்பலே காரணம். ஜெட் எஞ்சினுக்குள் புகுந்தால் அது உருகி ஒட்டிக்கொள்ளும், எஞ்சின் நின்றேபோகலாம். ரத்தானவை சுமார் 1 லட்சம் விமானங்கள். அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஜெர்மனியின் அப்போதைய சான்சலர் ஏஞ்சலா மெர்கலே லிஸ்பன், ரோம் என்று சுற்றி, கடைசியில் சாலைவழியே ஊர் போய்ச் சேர்ந்தார்.

சான்சலருக்குச் செலவுக் கவலை இல்லை. எண்ணி எண்ணிப் பணம் கொண்டுபோன தம்பதிக்கு? கையிருப்பு கரைகிறது, விசாவும் முடியப்போகிறது. பலர் மறுபேச்சில்லாமல் சொந்தக் காசில் அறை எடுத்தார்கள். எடுத்திருக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய யூனியனின் 2004ஆம் ஆண்டு விதிப்படி, அங்கிருந்து கிளம்பும் விமானம் ரத்தானால், அது இந்திய நிறுவனத்துடையதானாலும், சாப்பாடும் தங்குமிடமும் நிறுவனத்தின் பொறுப்பு. எரிமலைக்கு நஷ்டஈடு கிடையாது. ஆனால் இந்தப் பராமரிப்புக்கு நாள் வரம்போ பண வரம்போ இல்லை என்று 2013 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய நெருக்கடியில் ஷெங்கன் விசாவையும் கட்டணமின்றி நீட்டிக்கச் சட்டத்தில் இடமுண்டு. காலாவதியாகும் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும்.

கேட்டும் அறை தரவில்லையா? நியாயமான செலவு செய்து, ரசீதுகளைப் பத்திரப்படுத்துவது நல்லது. ஊருக்குக் கொண்டுவரும் நினைவுப் பொருள்களில் மதிப்பு மிக்கவை அவையாகத்தான் இருக்கும்.