காலி பேட்

தேவ்நார், கோவண்டி, மான்குர்த் வட்டாரத்தில் இரத்தப் பரிசோதனைக்குச் செல்வோரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ‘காலி பேட்?’ வெறும் வயிறா என்று பொருள். ஆமென்று தலையசைத்தால் அடுத்த நிமிடம் ஊசி ஏறிவிடும். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் உரிய அந்தக் கேள்வியே தைராய்டுக்கும் அப்படியே கேட்கப்படுகிறது. அன்று காலை தைராய்டு மாத்திரையை விழுங்கியாயிற்றா, எத்தனை மணிக்கு விழுங்கினார், கூடவே இரும்பு, கால்சியம் மாத்திரைகள் உண்டா, முடி கொட்டுவதற்கு ஏதேனும் சாப்பிடுகிறாரா என்று கேட்போர் மிகவும் அரிது. தைராய்டைப் பொறுத்தவரை விடையை மாற்றக்கூடியவை இந்தக் கேட்கப்படாத கேள்விகளே.

இதை வேறெந்த ஊரை வைத்தும் எழுதலாம். ஆனால் தைராய்டுப் பரிசோதனைக்கும் இந்த வட்டாரத்துக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாதது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியிலிருந்து நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில், ஏறத்தாழ 70,000 பேர் அகற்றப்பட்டுச் சீத்தா கேம்ப்பில் கொண்டுவந்து விடப்பட்டனர். அவர்களுள் தமிழர் ஏராளம். அந்த வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடியவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம். பின்னாளில், 2000இல், மகசேசே விருது பெற்றவர். இதே அணு ஆராய்ச்சி மையத்தின் ஒரு கிளைதான் 1963இல் பரேலில் தொடங்கப்பட்ட கதிரியக்க மருத்துவ மையம். இந்திய மண்ணில் தைராய்டு ஆய்வுக்கு அடித்தளமிட்ட இடங்களுள் அது முக்கியமானது. கதிரியக்க எதிர்ப்புப்பொருள் முறையில் இரத்தத்திலுள்ள நுண்ணளவு ஹார்மோனை அளக்கும் உத்தியை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கண்டறிந்தனர். அதற்காக 1977இல் யாலோ நோபல் பரிசு பெற்றார். அந்த உத்திக்கான டி3, டி4 பரிசோதனைப் பெட்டிகளை உள்நாட்டிலேயே உருவாக்கித் தந்தவை அணுசக்தித் துறையின் நிறுவனங்கள். வீட்டை இழந்து சீத்தா கேம்ப்புக்கு வந்தவர்களின் பேத்திமார் இன்று கை நீட்டிப் பெறும் டிஎஸ்எச் அறிக்கைக்கும் ஜனதா காலனி இருந்த நிலத்துக்கும் இடையே இப்படியொரு விந்தையான தொடர்பு ஓடுகிறது.

அடுத்த கட்டமும் ஒரு தமிழர் வழியாகவே நிகழ்ந்தது. கோயம்புத்தூர் அருகே ஒரு சிற்றூரில் பிறந்து, 1982இல் அணு ஆராய்ச்சி மையத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து, தைராய்டு உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற அ. வேலுமணி, அரசு வேலையை விட்டு 1996இல் தைரோகேர் நிறுவனத்தைத் தொடங்கினார். ஊர்தோறும் மாதிரிகளைச் சேகரித்து, நவி மும்பையிலுள்ள ஒரே பெரிய ஆய்வகத்தில் இரவோடு இரவாக அளந்து, விலையைக் குறைப்பது அவர் கண்ட வழி. இதன் பயனைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. பெருமருத்துவமனைகளுக்குள் மட்டும் கிடைத்த ஒரு பரிசோதனை தெருமுனைக்கு வந்தது.

தெருமுனைக்கு வந்தது பரிசோதனை. அதற்கான ஆயத்தம் பற்றிய அறிவு வரவில்லை. கோவண்டி நிலையச் சாலையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்தும் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019–21), தமக்குத் தைராய்டுக் கோளாறு இருப்பதாகத் தாமே கூறிய 15 முதல் 49 வயதுப் பெண்களின் பங்கை நூற்றுக்கு மூன்று என்ற அளவில் காட்டுகிறது. மும்பை, சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,376 பேரின் இரத்தத்தை அளந்து 2013இல் வெளியான ஆய்வோ தைராய்டு குறைசுரப்பு 10.95 விழுக்காடு என்கிறது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அதுவரை தமக்கு அந்நோய் இருப்பதே தெரியாது. ஒன்று நாடு முழுதும் வாய்மொழியாகக் கேட்டது, மற்றொன்று நகரங்களில் இரத்தத்தை அளந்தது. இரண்டையும் நேராக ஒப்பிடுவது முறையன்று. ஆயினும் இந்த எண்களைக் கையாளும் சமூகவியல் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அளவீடு என்பது குழாயில் இரத்தம் விழுந்த பிறகு தொடங்குவதன்று. ஆய்வகப் பிழைகளில் பெரும்பங்கு இயந்திரத்துக்கு வெளியே, ஆய்வுக்கு முந்திய கட்டத்தில் நேர்கிறது என்பது ஆய்வக மருத்துவத்தில் நெடுநாளாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி.

லெவோதைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, தண்ணீரோடு மட்டும் விழுங்க வேண்டும். இதைப் பலரும் அறிவர். அதனாலேயே ஒரு சிக்கலும் எழுகிறது. ‘வெறும் வயிற்றோடு வாருங்கள்’ என்று சொல்லப்பட்டவர், மாத்திரையும் வெறும் வயிற்றுக்குரியதுதானே என்று ஐந்து மணிக்கே அதை விழுங்கிவிட்டு எட்டு மணிக்கு வந்து கை நீட்டுகிறார். அவர் எந்த விதியையும் மீறவில்லை. ஆனால் விழுங்கிய இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் டி4 உச்சத்துக்கு ஏறி நிற்கிறது. கட்டற்ற டி4 இருபது விழுக்காடு வரைகூட மிகுந்து தெரியலாம். டிஎஸ்எச் அந்தச் சில மணி நேரத்தில் பெரிதாக அசைவதில்லை. ஆகவே டிஎஸ்எச் மட்டும் பார்த்தால் பெரிய கேடில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவருக்கு ஒன்றோடொன்று பொருந்தாத எண்கள் கிடைக்கின்றன. தீர்வு மிக எளியது: முதலில் இரத்தம், பிறகு மாத்திரை. மாத்திரைப் பாட்டிலைக் கையோடு கொண்டுவந்து, ஊசி எடுத்ததும் விழுங்கிவிட்டால் போதும்.

சொல்லப்போனால் தைராய்டுப் பரிசோதனைக்கு மட்டும் வருபவர் பட்டினி கிடக்க வேண்டிய கட்டாயமே இல்லை. உணவுக்குப் பின் டிஎஸ்எச் சற்றுக் குறையும். நள்ளிரவுக்குப் பின் உச்சத்தில் இருந்து, பகல் ஏற ஏற இறங்கும். எனவே ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே நிலையில் கொடுப்பதே முக்கியம். பன்னிரண்டு மணி நேரப் பட்டினி என்பது கொழுப்பு, சர்க்கரை முதலியவற்றைச் சேர்த்து விற்கும் தொகுப்புப் பரிசோதனையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வழக்கம். விரதம் பழகிய சமூகத்துக்கு அது எளிதாகப் பிடிபட்டும் விட்டது; பட்டினி கிடந்து கொடுத்தால்தான் பரிசோதனை என்ற எண்ணமே வேரூன்றிவிட்டது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கும் முதிய பெண் ஒருவர் தைராய்டுக்காகப் பட்டினியோடு வரிசையில் நிற்பதில் ஆபத்து உண்டு, பயன் இல்லை. வீட்டு வேலைக்குச் செல்பவருக்கோ அது அரை நாள் கூலி.

நேரத்தைப் பற்றிய அறிவுரையும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க முடியாது. தேவ்நார் இறைச்சிக்கூடத்தைச் சுற்றியும் விடியலுக்கு முந்திய சந்தைகளை நம்பியும் பிழைப்பவர் பலருக்குக் காலை எட்டு மணி என்பது உறங்கப்போகும் வேளை. இரவு முழுதும் விழித்திருந்தால் டிஎஸ்எச் வழக்கத்தைவிட உயரும். வரம்பின் விளிம்பில் நிற்கும் எண் ஒன்று, ஓர் இரவு உறக்கம் இல்லாமையாலேயே ‘நோய்’ ஆகிவிடலாம். இரவுப்பணி என்ற ஒரு சொல் படிவத்தில் இருந்தால் மருத்துவர் இரண்டாம் முறை அளந்து பார்ப்பார். பெரும்பாலான படிவங்களில் பெயர், வயது, பால், கைப்பேசி எண் ஆகியவற்றோடு இடம் முடிந்துவிடுகிறது.

கேட்கப்படாத கேள்விகளுள் மிகுந்த தீங்கு செய்யக்கூடியது முடி பற்றியது. தைராய்டு குறைந்தவர்க்கு முடி கொட்டும். முடி கொட்டுபவர் மருந்துக்கடையில் கேட்டால் பயோட்டின் கிடைக்கும். உடலுக்கு நாளொன்றுக்குப் போதுமான பயோட்டின் 30 மைக்ரோகிராம்; கடையில் கிடைக்கும் மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் கொண்டவை சாதாரணம். ஆய்வக இயந்திரங்கள் பலவற்றில் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்ளும் இயல்பே அளவீட்டின் கொக்கியாகப் பயன்படுகிறது. இரத்தத்தில் மிதக்கும் மிகைப் பயோட்டின் அந்தக் கொக்கியை முன்னதாகவே பிடித்துக்கொள்கிறது. விளைவு: டிஎஸ்எச் பொய்யாகத் தாழ்கிறது, கட்டற்ற டி4 பொய்யாக உயர்கிறது. இரு எண்களும் ஒன்றையொன்று உறுதி செய்வதுபோல் நிற்பதால் ஐயத்துக்கே இடமிருப்பதில்லை. குறைசுரப்புள்ள ஒருவர் காகிதத்தில் மிகைசுரப்பு உள்ளவராகிறார், சரியான அளவில் இருந்த மாத்திரை குறைக்கப்படுகிறது, முடி மேலும் கொட்டுகிறது, பயோட்டின் தொடர்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரிலேயே இதுபற்றி எச்சரித்தது. எல்லா இயந்திரங்களிலும் இது நேர்வதில்லை. ஆனால் தம் இரத்தம் எந்த இயந்திரத்துக்குள் செல்கிறது என்பது நோயாளிக்குத் தெரிய வழியில்லை. பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துவது என்ற எளிய அறிவுரை ஊசி போடுபவரின் வாயிலிருந்து வர வேண்டும். முடிக்கான மாத்திரையை ‘மருந்து’ என்று பெரும்பாலோர் எண்ணுவதில்லை. ஆகவே ‘வேறு மருந்து உண்டா?’ என்று பொதுவாகக் கேட்டாலும் இல்லை என்றே விடை வரும். முடி, நகம், தோல் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கருவுற்ற பெண்களின் நிலை இதைவிடக் கூர்மையானது. அரசுத் திட்டப்படி அவர்களுக்கு நாள்தோறும் 60 மில்லிகிராம் இரும்புச்சத்துடன் ஃபோலிக் அமில மாத்திரை 180 நாளுக்கும், கால்சியம் 500 மில்லிகிராம் நாளைக்கு இருமுறையும் தரப்படுகின்றன. இரும்பும் கால்சியமும் குடலிலேயே லெவோதைராக்சினைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுப்பவை. இடையில் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். எல்லாவற்றையும் மறக்காமல் இருக்க ஒரே வேளையில் விழுங்குவது பொறுப்பான பெண்ணின் செயல். அந்தப் பொறுப்பே அவரது டிஎஸ்எச்சை உயர்த்துகிறது. கருவுற்ற காலத்தில் தைராக்சின் தேவை இயல்பாகவே நான்கில் ஒரு பங்கு முதல் பாதி வரை கூடும் என்பதால், எண் உயர்ந்தது தேவை கூடியதாலா, மாத்திரைகள் மோதியதாலா என்று அறிக்கையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. முதல் மூன்று மாதங்களில் கருவின் மூளை தாயின் தைராக்சினையே நம்பியிருக்கிறது. நலப்பணியாளர் கையில் கொடுக்கும் இரும்பு மாத்திரை அட்டையில் ‘இரவு உணவுக்குப் பின்’ என்று ஒரு வரி எழுதித்தந்தால் தீரக்கூடிய குழப்பம் இது.

இவ்வளவு விதிகளைச் சொன்னால் மக்கள் மிரள்வர் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. அதில் உண்மை இல்லாமலில்லை. ‘மாத்திரை சாப்பிடாமல் வாருங்கள்’ என்ற அறிவுரையை ஒரு வாரம் நிறுத்துவதாகப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. லெவோதைராக்சினின் அரை ஆயுள் ஏறத்தாழ ஏழு நாள். ஒரு காலை இரண்டு மணி நேரம் தாமதித்தால் எதுவும் ஆகாது, ஒரு வாரம் விட்டால் எண்கள் மாறும். ஆகவே ‘சாப்பிடாமல்’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘இரத்தம் கொடுத்தபின் சாப்பிடுங்கள்’ என்றே சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் விட்டுவிட்டுப் பரிசோதனைக்கு முந்திய வாரம் மட்டும் ஒழுங்காக விழுங்குவோரும் உண்டு. அவர்களை அறிக்கையே காட்டிக்கொடுத்துவிடும்: டி4 சரியாக இருக்கும், டிஎஸ்எச் உயர்ந்தே இருக்கும். ஏனெனில் டிஎஸ்எச் கடந்த ஆறு வாரத்தின் கணக்கு. மாத்திரையின் அளவு மாறியபின் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்து அளப்பதும் இதனால்தான். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியைக் கடிந்துகொள்வதைவிட, விட்டுப்போன நாள்களில் பாட்டில் வாங்கக் காசு இருந்ததா என்று கேட்பது மருத்துவத்துக்கும் ஆய்வுக்கும் பயன்தரும்.

செய்ய வேண்டியதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. இரத்தம் எடுக்கும் மேசையில் இந்தி, மராத்தி, உருது, தமிழ் ஆகிய மொழிகளில் ஒரு சீட்டு. கடைசியாகத் தைராய்டு மாத்திரை விழுங்கிய நேரம், முடிக்கும் நகத்துக்கும் சாப்பிடுபவை, இரும்பும் கால்சியமும், இரவுப்பணி, கருவுற்றிருத்தல் என்று அதில் ஐந்தாறு வரிகள். அந்த விடைகள் மாதிரியோடு ஆய்வகத்துக்குச் சென்று, அறிக்கையில் எண்களுக்குப் பக்கத்திலேயே அச்சாக வேண்டும். நாடெங்கும் இரவோடு இரவாகக் குழாய்களை ஏற்றிவரும் அமைப்புக்கு இன்னும் நான்கு சொற்களைக் கூடவே ஏற்றுவது சுமையாகாது. தேவ்நாரிலேயே 1954 முதல் இயங்கிவரும் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் மாணவர்களும் கணக்கெடுப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் சேர்ந்து அந்தச் சீட்டை எழுதி, சீத்தா கேம்ப்பில் ஒரு பருவம் பயன்படுத்திப் பார்த்து, எத்தனை பேருக்கு மாத்திரை அளவு தேவையின்றி மாற்றப்பட்டது என்று எண்ணலாம். களம் அவர்கள் வாசலிலிருந்து ஒரு ஆட்டோ தூரத்தில் இருக்கிறது.